அந்தமானில் என்ன குளிர் என்கிறவர்களுக்கு...

நவம்பர் பிறந்தால் போதும். சிங்கப்பூர், டொராண்டோ, நியூ ஜெர்சி என்று திசைக்கொருவராக இருக்கும் நண்பர்களிடம் இருந்து எனக்கு ஒரே கேள்வி வர ஆரம்பித்துவிடும். "டிசம்பர் லீவுக்கு அந்தமான் வர்றோம். மரத்துல ஹாமக் கட்டித் தூங்கணும்னு பசங்க ஒரே அடம். அங்கதான் குளிரே கிடையாதே, ஒரு பெட்ஷீட் போதும்ல?"

போதாது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

இதற்கு நேரெதிர்க் கட்சியும் உண்டு. உறைபனிக்கு ஏற்ற வாத்து இறகு ஸ்லீப்பிங் பேக், ஹாமக்குக்கு அடியில் தொங்கவிடத் தனியாக ஒரு ரஜாய், இரண்டும் சேர்த்து ஒரு குடும்பத்தின் விமான டிக்கெட் விலையில் பட்டியல் போட்டு அனுப்பி, "இதெல்லாம் வாங்கட்டுமா?" என்பார்கள். அதுவும் வேண்டாம். என் கட்சி நடுவில் இருக்கிறது. அந்தமானில் தொங்கிக்கொண்டு தூங்கினால் கட்டாயம் குளிரும். அந்தக் குளிரைப் போக்கக் காசு அதிகம் தேவையில்லை. நம் வீட்டுப் பரணில் கிடப்பதே முக்கால்வாசி போதும்.

முதலில், ஏன் குளிர்கிறது?

போர்ட் பிளேரில் (2024 முதல் அரசு ஏடுகளில் ஸ்ரீ விஜயபுரம். நாங்கள் இன்னும் பழைய பெயரில்தான் கூப்பிடுகிறோம்) டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 22, 23 டிகிரி வரை இறங்கும். "இதுக்குப் பேரு குளிரா? எங்க ஊர்ல இது ஏ.சி.யே போடத் தேவையில்லாத நாள்" என்று டொராண்டோக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மனிதத் தோலின் வெப்பம் 33 டிகிரி வாக்கில் இருக்கும். உடுப்பில்லாமல் சும்மா படுத்திருக்கும் உடம்பு கூடுதல் வேலை பார்க்காமல் சூட்டைத் தக்கவைக்கச் சுற்றிலும் 28, 30 டிகிரி வேண்டும். அதற்குக் கீழே போனால் உடம்பு சூட்டை இழந்துகொண்டேதான் இருக்கும். வீட்டில் அது தெரியாததற்குக் காரணம் நம் முதுகுக்குக் கீழே இருக்கும் பஞ்சு மெத்தை. மேலே ஒரு போர்வை, கீழே அரை அடி பஞ்சு. ஹாமக்கில் அந்தப் பஞ்சு கிடையாது. ஒரு மெல்லிய நைலான் துணி, அதற்குக் கீழே காற்று. கடல் காற்று விடிய விடிய அடியில் தடவிக்கொண்டே போகும். சூடான இட்லித் தட்டை ஃபேனுக்கு அடியில் வைத்த மாதிரிதான் :-)

"அதுக்குத்தானே ஸ்லீப்பிங் பேக்?" என்பீர்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது. எந்தப் போர்வையும் தானாகச் சூடு தருவதில்லை. அதன் இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்றுதான் நம் சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது. ஹாமக்கில் படுத்ததும் உங்கள் எடை முழுவதும் ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பக்கத்தை நசுக்கிவிடும். காற்றுக்கு இடமே இல்லை. எத்தனை டாலர் கொடுத்து வாங்கியிருந்தாலும் முதுகுக்குக் கீழே அது வெறும் இரண்டு துணி. மேலே வேர்க்கும், கீழே விறைக்கும்.

இறகு சமாச்சாரத்தில் இன்னொரு சிக்கல். அது காய்ந்த குளிருக்குப் பொருத்தமானது. இங்கே காற்றில் எப்போதும் ஈரம். வருடத்துக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊர் இது. தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. டிசம்பரிலும் வங்காள விரிகுடாவில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு வந்தால் ராத்திரி மழை நிச்சயம். ஈரமான இறகு கட்டிகட்டியாகச் சேர்ந்துகொள்ளும். காய வைக்க இரண்டு நாள் வெயில் வேண்டும். விலையில் நாலில் ஒரு பங்குக்குக் கிடைக்கும் சாதாரண பாலியஸ்டர் ரஜாய் நனைந்தாலும் ஓரளவு சூட்டைப் பிடிக்கும், சீக்கிரம் காயும். இந்த ஊருக்கு அதுதான் சரி.

உண்மையில் நமக்கு ஹாமக் புதிதே அல்ல. தமிழ்நாட்டில் பிறந்தவர்களில் பெரும்பாலோர் முதல் வருடத்தை அதில்தான் கழித்திருப்போம். தூளி. சில ஊர்களில் ஏணை. விட்டத்தில் கட்டிய பழைய சேலை. அதில் பிள்ளையைப் போடும் முன் பாட்டி என்ன செய்வார்? நைந்துபோன வேட்டியை நாலாக எட்டாக மடித்து அடியில் போடுவார். அரை மணிக்கு ஒரு தரம் கையை விட்டுத் தடவிப் பார்ப்பார். நனைந்திருந்தால் உடனே துணி மாற்றுவார். "ஈரத்துல கிடந்தா பிள்ளைக்கு ஆகாது." அடிப்பக்கம் கனமாக இருக்க வேண்டும், ஈரம் கூடாது. ஹாமக் தூக்கத்தின் மொத்தப் பாடமும் இந்த இரண்டுதான். அந்தப் பாட்டியின் பேரன்தான் இன்று எனக்கு ஃபோன் செய்து "ஒரு பெட்ஷீட் போதும்ல?" என்கிறான்.

ஹாமக் என்ற சொல்லே கரீபியன் தீவுகளின் பூர்வகுடிகள் மொழியில் இருந்து ஸ்பானிஷ் வழியாக வந்தது. 1492-ல் கொலம்பஸ் ஆட்கள் பஹாமாஸ் பக்கம் போய் இறங்கியபோது அங்கே மக்கள் வலைத் தொட்டிலில் படுத்திருப்பதைப் பார்த்தார்கள். சூடான நாட்டில், தரையின் பூச்சிகளுக்கும் ஈரத்துக்கும் தப்பி, அடியில் காற்றோட்டத்தோடு தூங்குவதற்காக வந்த படுக்கை அது. அதாவது உடம்பைக் குளிர வைப்பதுதான் அதன் வேலையே. அமேசான் காட்டுக்காரர்கள் தொட்டிலுக்குப் பக்கத்திலேயே ராத்திரி முழுக்கச் சின்னதாகக் கணப்பு போட்டு வைப்பார்கள். வெப்பமண்டலத்துக்காரர்களே அப்படிச் செய்தார்கள் என்றால், அந்தமானுக்கு வந்து "குளிராது" என்று நாம் சொல்வதில் அர்த்தமில்லை. (அதற்காக நைலான் ஹாமக்குக்கு அடியில் நீங்கள் நெருப்பு வைக்க வேண்டாம். நைலான் உருகி உடம்பில் ஒட்டும்.)

இந்த ஊருக்கே உரிய இரண்டு விஷயங்களை வெளியூர்க்காரர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

ஒன்று, ராத்திரி நீளம். தீவுகள் கிழக்கே வெகுதூரம் தள்ளி இருந்தாலும் கடிகாரம் இந்திய நேரத்தில்தான் ஓடுகிறது. டிசம்பரில் மாலை 5 மணிவாக்கில் சூரியன் மறைந்துவிடும். ஆறு மணிக்கு இருட்டு. ஏழரைக்குச் சாப்பிட்டு எட்டுக்கெல்லாம் பசங்களைப் படுக்க வைத்தால் விடிய ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொங்க வேண்டும். முதல் மூன்று மணி நேரம் சுகமாக இருக்கும். குளிர் அதற்குப் பிறகுதான். ஒரு மணி, இரண்டு மணி வாக்கில் உடம்பும் அடங்கி, காற்றும் மாறி, பனியும் இறங்கும்போது, "அப்பா, முதுகு குளிருது" என்று ஆரம்பிக்கும்.

இரண்டு, உப்பு. பகல் முழுக்கக் கடலில் குதித்துவிட்டு, துண்டால் துடைத்துக்கொண்டு அப்படியே படுத்துவிடுகிறார்கள். கடல் உப்பு காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். உப்பு படிந்த டீ-ஷர்ட்டும் துண்டும் எத்தனை மணி நேரம் உலர்த்தினாலும் ராத்திரியில் மறுபடி பிசுபிசுவென்று ஆகிவிடும். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்தும். ஆகவே படுக்கும் முன் நல்ல தண்ணீரில் ஒரு குளியல் கட்டாயம். இதற்குச் செலவு ஒரு வாளித் தண்ணீர்.

சரி, என்னதான் செய்யலாம்? நான் பரிந்துரைப்பது இவ்வளவுதான்.

1. அடிப்பக்கம். டி.வி., ஃபிரிட்ஜ் பெட்டியில் வரும் வெள்ளை ஃபோம் ஷீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். முதுகு அளவுக்கு வெட்டி ஹாமக்குக்குள் விரித்தால் பிரமாதம். யோகா பாய் இருந்தால் அதுவும் சரி. கார் கண்ணாடிக்கு வெயிலுக்கு வைக்கும் வெள்ளிநிறத் தடுப்பும் காற்றை நன்றாக நிறுத்தும். எதுவுமே இல்லையா? 25 கிலோ அரிசிச் சாக்கு இரண்டு எடுங்கள். பழைய செய்தித்தாளைக் கசக்கிக் கசக்கி உள்ளே போட்டு, வாயைக் கட்டி, ஹாமக்குக்கு வெளியே, முதுகுக்கு நேர் கீழே, துணியைத் தொட்டும் தொடாமலும் தொங்கவிடுங்கள். நசுங்காது. கசங்கிய தாளுக்கு நடுவே நிற்கும் காற்று வேலை செய்யும். பழைய ரஜாய் ஒன்றை இதே மாதிரி இரண்டு பக்கமும் கயிறு கட்டி அடியில் தொங்கவிட்டால், கடையில் அத்தனை டாலருக்கு விற்கிறார்களே, அதே சாமான் தயார்.

ஹேவ்லாக் (2018 டிசம்பர் முதல் ஸ்வராஜ் தீவு), நீல் (ஷஹீத் தீவு) இரண்டிலும் பெரும்பாலும் கிழக்கு வங்காளத்தில் இருந்து வந்து குடியேறிய குடும்பங்கள். பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத் தையல் போட்டுக் காந்தா போர்வை செய்வது வங்காளிகளின் பழக்கம். நம் ஊரிலும் பழைய சேலையை மடித்துத் தைத்துப் போர்த்தும் வழக்கம் உண்டே. அப்படி ஒன்று பரணில் இருந்தால் கொண்டு வாருங்கள். ஆனால் அது பருத்தி. நனையாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

2. மேலே கூரை. நீல நிறத் தார்ப்பாய் போதும். மழைக்கு மட்டுமல்ல, தெளிந்த வானத்துக்குக் கீழே வெறுமனே படுத்தால் பனி நேராக மேலே இறங்கும், உடம்புச் சூடும் மேலே போகும். காற்று வரும் பக்கம் தார்ப்பாயைத் தாழ்த்திக் கட்டுங்கள். இன்னொரு சின்ன விஷயம்: மழைத் தண்ணீர் மரத்தில் இருந்து ஹாமக் கயிறு வழியாகவே வழிந்து உள்ளே வரும். கயிற்றில், தார்ப்பாய்க்கு உட்பக்கமாக, ஒரு துண்டு நூலைக் கட்டித் தொங்கவிட்டால் தண்ணீர் அந்த நூல் வழியாகக் கீழே சொட்டிவிடும்.

3. தூங்குவதற்கென்று ஒரு செட் உடுப்பு. முழுக்கை, முழுக்கால், சாக்ஸ். இதை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் கட்டி வைத்துவிட வேண்டும். பகலில் யார் கெஞ்சினாலும் எடுத்துப் போடக் கூடாது. படுக்கும்போது மட்டும். மொத்தப் பட்டியலில் முக்கியமானது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

4. மங்கி கேப். ஆமாம், சிரிக்காதீர்கள். நவம்பர் மாதமே மங்கி கேப்பும் மஃப்ளருமாகப் படகுத்துறையில் நிற்கும் வங்காளத் தாத்தாக்களைப் பார்த்து நம் பசங்கள் சிரிப்பது உண்டு. அடியில் எவ்வளவு போட்டாலும் தலையும் காதும் திறந்து கிடந்தால் தூக்கம் வராது. தாத்தாக்கள் விவரமானவர்கள்.

5. வயிறும் வெந்நீரும். பட்டினியாகப் படுத்தால் உடம்பு எதை எரித்துச் சூடு உண்டாக்கும்? படுக்கும் முன் கடலை மிட்டாய் இரண்டு கொடுங்கள். எவர்சில்வர் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, மூடியை இறுக்கி, சாக்ஸில் சுற்றிக் கால்மாட்டில் வைத்தால் பாதி ராத்திரி வரை சூடு நிற்கும். "ஒரு பெக் போட்டா குளிர் தெரியாது" என்கிற மாமாக்களுக்கு: தோலுக்கு ரத்தம் பாய்வதால் சூடான மாதிரி இருக்கும், ஆனால் அந்தச் சூடு அப்படியே வெளியே போய்விடும். தெரியாதே தவிர, குளிர் கூடும்.

6. கொசுவலை. மணல் ஈக்கள் கடித்தால் ஒரு வாரம் சொறிய வேண்டும். வலை கொஞ்சம் காற்றையும் மட்டுப்படுத்தும்.

படுக்கும்போது நேராகப் படுக்காமல் கொஞ்சம் குறுக்காகப் படுங்கள். உடம்பு வாழைப்பழம் மாதிரி வளையாது, அடியில் போட்ட ஃபோமும் நகராமல் இருக்கும்.

கஞ்சத்தனம் கூடாத இடம் ஒன்று உண்டு. கயிறு. கடைத்தெருவில் கிடைக்கும் துணி காயப்போடும் கயிற்றில் பிள்ளையைத் தொங்கவிடாதீர்கள். எடை தாங்கும் நல்ல கயிறு, மரப்பட்டையை அறுக்காத அகலமான பட்டை, உட்காரும் உயரத்துக்கு மேல் கட்டாமை, அடியில் கல்லோ வேரோ இல்லாத இடம். மிச்சம் பிடித்த காசை இங்கே செலவழியுங்கள். கைக்குழந்தைகளைப் பெரியவர்கள் ஹாமக்கில் போடவே வேண்டாம்.

எங்கே கட்டுவது என்பதும் முக்கியம். கண்ட கடற்கரையில் கட்ட முடியாது. வனத்துறைக் கட்டுப்பாடுகள் உண்டு. பழங்குடியினர் காப்புப் பகுதிகள் 1956-ஆம் ஆண்டுச் சட்டவிதியின் கீழ் வருபவை, அந்தப் பக்கமே போகக் கூடாது. திக்லிபூர் அருகே காளிபூர் மாதிரிக் கடற்கரைகளில் இந்த மாதங்களில்தான் ஆமைகள் முட்டையிட ஏறும். அங்கே ராத்திரி டார்ச்சும் கூச்சலும் கூடாது. உப்பங்கழி முகத்துவாரங்களில் முதலை உண்டு. 2010-ல் ஹேவ்லாக்கில் ஒரு அமெரிக்கப் பெண் முதலைக்குப் பலியானார். குடும்பத்தோடு வருபவர்களுக்கு என் யோசனை: தங்கும் விடுதியின் தோட்டத்தில், உரிமையாளரிடம் கேட்டு, நல்ல மரமாகப் பார்த்துக் கட்டுங்கள். தென்னைக்கு அடியில் வேண்டாம், காரணம் உங்களுக்கே தெரியும். குளிர் தாங்கவில்லை என்றால் எழுந்து அறைக்குப் போகலாம். அதில் வெட்கம் எதுவும் இல்லை.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 22 டிகிரி யாரையும் கொல்லாது என்பது காய்ந்த உடம்புக்குத்தான் பொருந்தும். மழையில் நனைந்து, காற்றில் தொங்கும் ஒரு எட்டு வயதுப் பிள்ளையின் கதை வேறு. சின்ன உடம்பு, பெரியவர்களைவிட வேகமாகச் சூட்டை இழக்கும். விடாமல் நடுக்கம், பேச்சில் குழறல், பொத்தான் போடத் தடுமாற்றம் வந்தால் அது விளையாட்டில்லை. நடுங்கிக்கொண்டிருந்த பிள்ளை நடுக்கம் நின்று சோர்ந்தால் இன்னும் ஆபத்து. உடனே ஈரத்துணியைக் களைந்து, காய்ந்த துணி மாற்றி, காற்றில்லாத இடத்தில் அணைத்துவைத்து, முழு விழிப்போடு இருந்தால் மட்டும் இனிப்பாகச் சூடாக ஏதாவது குடிக்கக் கொடுத்து, மருத்துவ உதவி தேட வேண்டும். ஹேவ்லாக்கில் இருந்து போர்ட் பிளேர் பெரிய மருத்துவமனைக்கு அரசுப் படகில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ராத்திரியில் நினைத்தவுடன் படகு கிடைக்காது. தீவில் இருப்பவர்களுக்கு அது தெரியும். வருபவர்களுக்குத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. 2004 டிசம்பர் 26. இந்தத் தீவுகளில் மேட்டு நிலம் பார்த்து ஓடியவர்களில் எத்தனையோ பேர் அடுத்தடுத்த இரவுகளைத் திறந்த வெளியில் கழித்தார்கள். கச்சால் மிக மோசமாக அடிபட்ட தீவுகளில் ஒன்று. இலங்கையில் இருந்து திரும்பி வந்து ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட தமிழ்க் குடும்பங்களும் வாழ்ந்த இடம் அது. நிலநடுக்க அபாயம் மிக அதிகமான பகுதி இது என்பது இன்றும் மாறவில்லை. ஒரு சாக்கையும் பழைய பேப்பரையும் தார்ப்பாயையும் வைத்துக்கொண்டு ஒரு ராத்திரியைச் சூடாகக் கடத்தத் தெரிந்த குடும்பம், அப்படி ஒரு ராத்திரி வந்தால் கொஞ்சமாவது தைரியமாக இருக்கும். அதனால்தான் பசங்கள் ஹாமக் கேட்டு அடம் பிடிப்பதில் எனக்குச் சந்தோஷம். விளையாட்டாகவே கற்றுக்கொள்ளட்டும்.

வெளிநாட்டில் வளரும் நம் பிள்ளைகளுக்கு எதைச் செய்வதென்றாலும் முதல் வேலை அதற்குரிய சாமானை வாங்குவது என்று பழகிவிட்டது. ஓடுவதற்கு முன் ஷூ, மலை ஏறும் முன் ஜாக்கெட். நாமும் ஊரில் கொடுக்க முடியாமல் போன நேரத்துக்கு ஈடாகக் கார்டைத் தேய்த்துவிடுகிறோம். வாங்கிக் கொடுத்த சாமான் அடுத்த வருடம் கராஜில் கிடக்கும். அடிப்பக்கம் ஏன் குளிர்கிறது என்று புரிந்துகொண்டு, தன் கையாலேயே பேப்பரைக் கசக்கிச் சாக்கில் அடைத்துக் கட்டிய பிள்ளைக்கு அது ஜென்மத்துக்கும் மறக்காது. அதோடு, தன் அப்பா ஒரு காலத்தில் சேலைத் தூளியில் தூங்கினார் என்பதும், அடியில் வேட்டி மடித்துப் போட்ட கொள்ளுப்பாட்டிக்கு இந்த அறிவியல் தெரிந்திருந்தது என்பதும் கூடவே போய்ச் சேரும்.

ஆகவே வாருங்கள். தாராளமாகக் கட்டித் தொங்குங்கள். பெட்ஷீட்டை மட்டும் நம்பி வராதீர்கள்.

பி.கு. 1: செய்தித்தாளுக்கு வெளியே அலைய வேண்டாம். எங்கள் வீட்டில் கட்டுக் கட்டாக இருக்கிறது. பழைய பேப்பர்க்காரரிடம் போடாமல் வைத்திருக்கிறேன்.

பி.கு. 2: மங்கி கேப் கொண்டுவர மறந்தவர்கள் அபர்தீன் பஜாரில் விசாரியுங்கள். போட்டுக்கொண்டு எடுத்த படத்தை எனக்கு அனுப்ப வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை :-)